கொல்லைப்புறக் கோழிக்குஞ்சுகளைப் பருந்திடமிருந்து காப்பது எப்படி?

சிறுமலை அடிவாரம் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். திண்டுக்கல்லுக்கு அருகே, சிறுமலையின் அடிவாரத்தில் உள்ள எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு ஆண்டுகளாக நாட்டுக்கோழி வளர்த்து வருகிறேன். கொல்லை ஏறத்தாழ 20 சென்ட் இருக்கும். மேற்கு ஓரத்தில் ஒரு பழைய புளியமரமும் நான்கு தென்னைகளும் நிற்கின்றன. மற்ற இடமெல்லாம் திறந்த வெளி. இதுவரை ஐந்து பெட்டைகளும் ஒரு சேவலும் மட்டுமே இருந்ததால் பெரிய இழப்பு எதுவும் ஏற்பட்டதில்லை. சென்ற மாதம் ஒரு பொரிப்பகத்திலிருந்து 30 நாள் வயதுடைய, சிறுவிடை என்னும் நாட்டுக்கோழி இனக் குஞ்சுகள் 40 வாங்கி வந்து, ஒரு வாரம் கூண்டிலேயே வைத்துப் பழக்கி, அதன் பிறகு காலை முதல் மாலை வரை மேயவிட்டேன். பதினெட்டே நாட்களில் 13 குஞ்சுகள் போய்விட்டன.

நான் நேரில் கண்டவற்றைச் சொல்கிறேன். வால் நடுவில் பிளந்த, பழுப்பு நிறமுடைய பெரிய பறவை ஒன்று வானத்தில் வட்டமிட்டிருந்துவிட்டுத் திடீரென்று இறங்கி, தரையில் கால் ஊன்றாமலேயே குஞ்சைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு மேலே போனதை இரண்டு முறை பார்த்தேன். வேறொரு நாள் காலை ஏழு மணிக்கு, புறா அளவே இருக்கும் சாம்பல் நிறப் பறவை ஒன்று புளியமரத்திலிருந்து தாழ்வாகப் பறந்து வந்து, வேலி ஓரத்தில் நின்ற குஞ்சை அடித்தது. இவற்றைவிட எனக்கு அச்சம் தந்தது சென்ற வாரம் நடந்ததுதான். ஓராண்டு வயதான பெட்டை ஒன்று பட்டப்பகலில் புளியமரத்தின் அடியில் இறந்து கிடந்தது. சுற்றிலும் இறகுகள் குவியலாகக் கிடந்தன, நெஞ்சுப் பகுதி மட்டும் தின்னப்பட்டிருந்தது.

பழைய குறுந்தகடுகளையும் பளபளக்கும் நாடாக்களையும் கட்டித் தொங்கவிட்டேன். பத்து நாட்கள் பயன் இருந்தது, அதன் பிறகு எந்தப் பறவையும் அவற்றைப் பொருட்படுத்தவில்லை. இறந்த குஞ்சின் உடலில் பூச்சிமருந்தைத் தடவி வெளியே வைத்துவிடும்படி பக்கத்துத் தோட்டத்தார் சொல்கிறார். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. இருபது சென்ட் முழுவதற்கும் கூரை போடவும் வசதி இல்லை. ஒவ்வொரு மாலையும் கூண்டை அடைக்கும்போது எண்ணிக்கை குறைந்திருப்பதைக் காண்பது வேதனையாக இருக்கிறது. மீதமுள்ள 27 குஞ்சுகளைக் காப்பாற்ற வழி சொல்லுங்கள்.

பறவை நோக்கன் பதில்:

வணக்கம் சகோதரி. நீங்கள் பார்த்ததைப் பார்த்தபடியே எழுதியிருப்பதால், உங்கள் கொல்லைக்கு வருவது ஒரு பறவை அல்ல, மூன்று வேறு பறவைகள் என்று துணிந்து சொல்ல முடிகிறது. மூன்றும் மூன்று விதமாக வேட்டையாடுபவை என்பதால்தான் ஒரே தடுப்பு எல்லாவற்றுக்கும் போதவில்லை.

வால் பிளந்த பழுப்பு நிறப் பறவை கள்ளப்பருந்து. கரும்பருந்து என்றும் சொல்வார்கள். இறைச்சிக் கழிவு, செத்த எலி போன்றவையே இதற்கு முக்கிய உணவு என்றாலும், திறந்த வெளியில் ஓடும் குஞ்சைக் கண்டால் விடாது. வெயில் ஏறித் தரை சூடாகி, காற்று மேலெழத் தொடங்கிய பிறகே இது வட்டமிடத் தொடங்கும். ஆகவே காலை ஒன்பது மணிக்கு மேல்தான் இதன் தொல்லை மிகுதியாக இருக்கும். பனிக்காலத்தில் கூடு கட்டி, தை, மாசி மாதங்களில் தன் குஞ்சுகளுக்கு இரை தேடும் நேரத்தில் இதன் துணிவு இன்னும் கூடும். இதன் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு. எந்த வேட்டைப் பறவையும் தன் எடையில் பாதிக்கு மேல் தூக்கிக்கொண்டு பறப்பது அரிது என்பதால், குஞ்சுகள் அரைக் கிலோவைத் தாண்டிவிட்டால் கள்ளப்பருந்தைப் பற்றிய கவலை பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

சாம்பல் நிறத்தில் வந்தது வைரி. சில ஊர்களில் இதனையே வல்லூறு என்கிறார்கள். வானத்தில் வட்டமிட்டு இரையைத் தேடுவது இதன் முதன்மையான வழக்கம் அல்ல. அடர்ந்த இலைகளுக்குள் அசையாமல் அமர்ந்திருந்து, சரியான நேரம் வாய்த்ததும் தரையை ஒட்டியபடி பறந்து வந்து அடிக்கும். ஓணான், அணில், சிறு பறவைகள் ஆகியவை இதன் வழக்கமான இரை. நீங்கள் உயரத்தில் கட்டிய குறுந்தகடுகள் இதற்குத் தடையாக இல்லாமல் போனதற்கு இதுவே காரணம்; மேலிருந்து வராத பறவைக்கு மேலே கட்டிய பொருளால் என்ன இடையூறு இருக்க முடியும்? ஒன்று மட்டும் கவனிக்க வேண்டுகிறேன். அக்காக்குயில் நிறத்திலும் பறக்கும் விதத்திலும் வைரியைப் போலவே இருக்கும். மயிர்க்கொட்டிகளைத் தின்று வாழும் அந்தப் பறவையைப் பார்த்து வைரி என்று எண்ணிக் கல்லெறிபவர்களை நான் கண்டிருக்கிறேன்.

வளர்ந்த பெட்டையைக் கொன்றது இவ்விரண்டில் எதுவும் அல்ல. கிடந்த இறகுகளில் சிலவற்றை எடுத்துப் பாருங்கள். தண்டு முழுமையாக இருந்து, வேரோடு பிடுங்கியதுபோல் காணப்பட்டால் அது பறவையின் வேலை. தண்டு கடித்து நறுக்கப்பட்டு, இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் காட்டுப்பூனையோ கீரியோ வந்திருக்கிறது. நீங்கள் சொல்லும் அடையாளங்களையும் மலை அருகில் இருப்பதையும் சேர்த்துப் பார்க்கும்போது, எனக்குக் குடுமிப் பருந்தின் மீதுதான் ஐயம் எழுகிறது. தலையின் பின்புறம் நீண்ட குடுமியோடு இருக்கும் இந்தப் பெரிய பறவை, காட்டை ஒட்டிய ஊர்களில் மர நிழலில் நெடுநேரம் காத்திருந்து கோழியின் மீது இறங்கக்கூடியது. தூக்க முடியாத கோழியை அது அடித்த இடத்திலேயே தின்னும்.

நஞ்சு வைப்பதற்கு உங்கள் மனம் ஒப்பாதது மிகச் சரியானது. தயவுசெய்து எந்த நிலையிலும் அதற்கு இணங்காதீர்கள். இந்தப் பறவைகள் 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. அவற்றைக் கொல்வதும் கூட்டைக் கலைப்பதும் தண்டனைக்குரிய குற்றங்கள். சட்டத்தை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், அந்த நஞ்சு தடவிய குஞ்சு எந்த வாய்க்குப் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. காக்கையும் நாயும் கீரியும் அதைத் தின்னும். உங்கள் கோழிகளே அதைக் கொத்தும். நீலகிரியை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியிருக்கும் பாறு கழுகுகளுக்கு, வேறு விலங்கைக் கொல்வதற்காகச் சடலத்தில் தடவப்படும் நஞ்சு இன்றும் பெரும் ஆபத்தாக இருக்கிறது. தவிர, ஒரு கள்ளப்பருந்து இறந்தால் அந்த இடத்துக்கு இன்னொன்று வந்து சேரும்.

உங்களுக்கு உதவக்கூடிய பறவை ஒன்றும் உண்டு. இரட்டைவால் குருவி என்று நாம் சொல்லும் கரிச்சான், தன் கூட்டின் அருகே வரும் பருந்தையும் காக்கையையும் மேலிருந்து பாய்ந்து கொத்தி, நெடுந்தொலைவு துரத்திவிட்டே திரும்பும். அது கூடு கட்டியிருக்கும் மரத்தில் புறாவும் மாங்குயிலும் அச்சமின்றிக் கூடு வைப்பதைப் பார்க்கலாம். தென்னையிலோ வேலி மரத்திலோ கரிச்சான் அமரத் தொடங்கினால் அந்தக் கிளையை வெட்டாமல் விடுங்கள்.

பஞ்சாரத்துப் பாட்டி பதில்:

மகளே, உன் கடிதத்தைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: உன் குஞ்சுகளுக்குத் தாய் இல்லை. சிவகங்கைச் சீமையில் என் மாமியார் காலத்திலிருந்து கோழி வளர்த்து வருகிறோம். எங்கள் கொல்லையிலும் பருந்து இல்லாத நாள் இல்லை. ஆனாலும் ஓர் ஈட்டுக்குப் பத்துக் குஞ்சு பொரித்தால் ஏழெட்டாவது கரையேறிவிடும். காரணம் தாய்க்கோழிதான். பருந்தின் நிழல் தெரிந்ததும் அது நீளமாக ஓர் ஒலி எழுப்பும். நாயையோ பூனையையோ கண்டால் எழுப்பும் கொக்கரிப்பு வேறு, இது வேறு. அந்த ஒலி காதில் விழுந்த கணத்தில் குஞ்சுகள் அதன் இறக்கைக்குள் ஓடிவிடும், அல்லது இருந்த இடத்திலேயே செடியோடு செடியாகப் பதுங்கிவிடும். கையெட்டும் தூரத்துக்குப் பருந்து இறங்கிவிட்டால் தாய் கழுத்து மயிரைச் சிலிர்த்துக்கொண்டு அதன் மீதே பாயும். இயந்திரத்தில் பொரித்த குஞ்சுக்குப் பதுங்கத் தெரியாது என்று நான் சொல்லவில்லை. அதற்கு எச்சரிக்கை கொடுக்க யாரும் இல்லை, அவ்வளவுதான். நாற்பது குஞ்சுகள் ஒரே கூட்டமாகத் திறந்த வெளியில் நிற்பது பருந்துக்கு இலை போட்டு வைத்ததுபோல் ஆகிவிடும்.

இப்போது இருக்கும் குஞ்சுகள் பெரியவை; எந்தக் கோழியும் அவற்றைத் தன் பிள்ளையாக ஏற்காது, கொத்தித்தான் விரட்டும். ஆகவே இவற்றுக்கு வலையும் மறைவும்தான் வழி. அடுத்த முறை வாங்குவதானால் ஒருநாள் குஞ்சாக வாங்கு. அடையில் கிடக்கும் கோழியின் அடியில், நன்றாக இருட்டிய பிறகு, ஒவ்வொன்றாக மெல்ல நுழைத்துவிடு. விடிந்ததும் அது தானே பொரித்ததாக நினைத்துக் கூட்டிக்கொண்டு போகும். நிறமும் அளவும் கொஞ்சம் வேறுபட்டாலும் பரவாயில்லை, ஆனால் பகலில் மட்டும் செய்யாதே. அதைவிட நல்லது, உன் பெட்டைகளையே அடை வைத்து 21 நாள் பொறுத்திருப்பது. சிறுவிடைப் பெட்டை பத்து, பன்னிரண்டு முட்டைகளை நன்றாக அணைக்கும்.

பொரித்த குஞ்சுகளை முதல் இருபது நாள் தாயோடு சேர்த்துப் பஞ்சாரம் என்னும் மூங்கில் கூடையால் கவிழ்த்து வை. இடம் மாற்றி மாற்றிக் கவிழ்த்தால் புல்லும் புழுவும் கிடைக்கும், தரையும் ஈரமாகாது. அதன் பிறகு வெளியே விடும்போது, தாயின் காலில் துணி சுற்றி, நீளமான கயிற்றில் வேப்பமர நிழலிலோ செடி மறைவிலோ கட்டிவிடுவோம். தாய் போகாத இடத்துக்குக் குஞ்சும் போகாது. கயிறு காலை அறுக்காமல் பார்த்துக்கொள்வதும், அருகில் தண்ணீர் வைப்பதும், ஆள் பார்வையில் இருப்பதும் கட்டாயம். கட்டிய கோழியால் ஓட முடியாது என்பதை மறக்கக் கூடாது. எங்கள் ஊரில் சிலர் குஞ்சுகளின் முதுகில் ஊதாச் சாயம் பூசுவார்கள். நானும் இரண்டு ஈடு பூசிப் பார்த்தேன்; அதனால் இழப்பு குறைந்தது என்று என்னால் சொல்ல முடியாது.

சேவலை விற்றுவிடாதே. நல்ல சேவல் ஒன்று இரை பொறுக்கும்போதும் தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் வானத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

முட்டம் கரையோரம் பதில்:

வணக்கம் அக்கா. கன்னியாகுமரி மாவட்டத்தின் கடற்கரையில் இருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதியில் செம்பருந்து மிகுதி. வெள்ளைத் தலையும் செங்காவி உடலுமாக இருக்கும் அதனைக் கருடன் என்று கண்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்பவர்கள் உண்டு. மீனும் நண்டும்தான் அதன் முக்கிய இரை. ஆனால் கரைவலை ஏறாத நாட்களில் எங்கள் குஞ்சுகளையும் தூக்கிச் செல்லும். நாங்கள் வலையால்தான் சமாளிக்கிறோம், ஆகவே வலையைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

20 சென்ட் முழுவதையும் மூட வேண்டியதில்லை. 27 குஞ்சுகளுக்கு 20 அடிக்கு 30 அடி இடத்தை மூடினால், முக்கியமான இரண்டு மாதங்களை அதற்குள் கழித்துவிடலாம். சவுக்குக் கம்பு அல்லது கல்தூணை ஏழடி உயரத்துக்கு நட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் நிமிர்ந்து நடந்து சுத்தம் செய்ய அந்த உயரம் வேண்டும். தூண்களுக்கு இடையே மூன்றடிக்கு ஒரு கம்பி வீதம் இழுத்துக் கட்டி, அதன் மேல் வலையை விரியுங்கள். கம்பி இல்லாமல் விரித்த வலை ஒரு மழையிலேயே தொய்ந்துவிடும். தொய்ந்த இடத்தில்தான் பறவைகள் சிக்கும்.

வலை வாங்கும்போது ஒன்றை மிகவும் கவனமாகப் பார்க்க வேண்டும். பழைய மீன்வலை மலிவாகக் கிடைக்கிறது என்பதற்காகத் தங்கூசி வலையை வாங்கிவிடாதீர்கள். கண்ணாடி போன்ற அந்த இழை பறக்கும் உயிர்களின் கண்ணுக்குத் தெரியாது. சென்ற ஆண்டு என் சித்தப்பா வீட்டில் அப்படிக் கட்டிய வலையில் ஒரு கூகை இரவு முழுவதும் சிக்கிக் கிடந்து, விடியும்போது இறக்கை முறிந்திருந்தது. அதைப் பார்த்த பிறகு அன்றே அந்த வலையை அறுத்து எடுத்துவிட்டோம். முறுக்கிய நைலான் கயிற்றால் ஆன, கண் ஓர் அங்குலம் உள்ள, நிறம் தெரியும் வலையே வேண்டும். அதிலும் இரண்டடிக்கு ஒன்றாக வெள்ளைத் துணித் துண்டுகளை முடிந்து விடுங்கள். பக்கங்களில் தரையிலிருந்து ஒன்றரை அடி உயரத்துக்குக் கம்பிவலை அடித்து, அரையடி ஆழத்துக்கு மண்ணில் புதைத்தால் கீரியும் நுழையாது. தென்னையின் அடியில் மட்டும் அமைக்காதீர்கள். ஒரே ஒரு காய்ந்த மட்டை விழுந்தால் போதும், முழு வலையும் கிழிந்துவிடும்.

ஓய்வுபெற்ற கால்நடை ஆய்வாளர் பதில்:

மேலே எழுதியவர்கள் சொன்னவற்றோடு எனக்கு உடன்பாடு உண்டு. அவர்கள் தொடாத ஒன்றைச் சொல்கிறேன். பருந்து உங்கள் கொல்லையை முதலில் எதற்காகத் தேடி வந்தது என்று பாருங்கள். நான் பணியில் இருந்த ஆண்டுகளில் பருந்துத் தொல்லை என்று அழைத்த வீடுகளுக்குப் போனபோதெல்லாம், பல இடங்களில் குப்பைக் குழியில் கோழிக் குடலும், வெள்ளைக் கழிச்சல் நோயில் இறந்த கோழியும் திறந்தபடியே கிடந்தன. கள்ளப்பருந்து அதற்காகத்தான் அங்கே வந்து பழகியது. வந்த இடத்தில் உயிருள்ள குஞ்சும் கண்ணில் பட்டது. இறந்த கோழிகளையும் கழிவையும் மூன்றடி ஆழத்தில் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிடுங்கள். நோயுற்ற குஞ்சு கூட்டத்திலிருந்து பின்தங்கி நிற்கும் என்பதால் பருந்து முதலில் அதனைத்தான் தூக்கும். ஆகவே வெள்ளைக் கழிச்சலுக்கான தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். எட்டாவது வாரத்தில் போட வேண்டிய ஊசிக்கு உங்கள் குஞ்சுகள் இப்போது வந்துவிட்டன. ஊரகக் கால்நடை மருந்தகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

வலை அமைத்த பிறகு அதன் ஓரத்தில் அவரையும் பீர்க்கும் ஊன்றிக் கொடியை மேலே ஏற்றிவிடுங்கள். உங்கள் மாவட்டத்தில் காய்கறிப் பந்தல் போடுவதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு மாதத்தில் அந்த வலை பச்சைக் கூரையாகிவிடும். கீழே இருக்கும் கோழி மேலே இருப்பவற்றின் கண்ணுக்குப் படாது, கோடையில் வெயிலும் தாக்காது. வலைக்கு வெளியே உள்ள திறந்த வெளியிலும், பத்துப் பதினைந்து அடிக்கு ஒன்றாகத் தென்னங்கீற்றுகளை இரண்டிரண்டாகச் சாய்த்துக் குடில்போல் நட்டு வையுங்கள். எந்த இடத்தில் நின்றாலும் நான்கு எட்டில் ஒரு மறைவு கிடைக்க வேண்டும் என்பதே கணக்கு. நிலையான மறைவுக்குத் துவரையை நெருக்கி விதைக்கலாம். குறுந்தகடுகளை அவிழ்க்க வேண்டாம். ஆனால் மூன்று நாட்களுக்கு ஒரு முறை இடம் மாற்றிக் கட்டினால்தான் அவற்றால் ஓரளவேனும் பயன் இருக்கும்.

குடுமிப் பருந்து உண்மையில் வருமானால், பெட்டைகளைப் புளியமரத்தின் பக்கம் போகவிடாமல், அந்த மூலையை மட்டும் முள்வேலியிட்டு அடைத்துவிடுவதே எளிது. மரத்தை வெட்ட வேண்டாம்.

சிறுமலை அடிவாரம், 75 நாட்களுக்குப் பிறகு:

உங்கள் அனைவருக்கும் நான் மிகவும் கடமைப்பட்டிருக்கிறேன். பதில்களைப் படித்த வாரத்திலேயே 20 அடிக்கு 30 அடி அளவில் முறுக்கு நைலான் வலை அமைத்துவிட்டோம். வலை கட்டி முடியும்வரை குஞ்சுகளை வெளியே விடவில்லை. அதன் பிறகு போனது ஒரே ஒரு குஞ்சுதான். அதுவும் கதவைச் சரியாகச் சாத்தாததால் வெளியே சென்றது, ஆகவே அந்தத் தவறு என்னுடையது. மற்ற 26-ம் இன்று முக்கால் கிலோவுக்கு மேல் வளர்ந்துவிட்டன. இப்போது நாள் முழுவதும் வெளியில்தான் மேய்கின்றன. அவரைக் கொடி வலையின் பாதியை மூடிவிட்டது, பீர்க்கு பிடிக்கவில்லை.

இறகுகளைப் பார்த்தேன், தண்டுகள் முழுமையாகவே இருந்தன. புளியமர மூலையை அடைத்த இருபதாம் நாள் குடுமியோடு ஒரு பெரிய பறவை அந்தக் கிளையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் அமர்ந்திருந்தது. அவ்வளவு அருகில் அதைப் பார்த்தபோது, என் பெட்டையைக் கொன்ற பறவை என்ற கோபத்தையும் மீறி, அதன் அழகு என்னை நிற்க வைத்துவிட்டது. சேவல் அன்று ஓயாமல் குரல் கொடுத்தது. பெட்டைகள் அனைத்தும் கீற்றுக் குடில்களுக்குள்ளேயே இருந்தன. அது வெறுங்காலோடு மலைப்பக்கம் திரும்பிச் சென்றது. மூன்றாவது தென்னையை ஒட்டிய வேலி வேம்பில் ஓர் இணை கரிச்சான் கூடு கட்டியிருக்கிறது, காக்கைகூட இப்போது அந்தப் பக்கம் வருவதில்லை. இறந்த குஞ்சில் மருந்து தடவச் சொன்ன பக்கத்துத் தோட்டத்தாரும் எங்கள் வலையைப் பார்த்துவிட்டு, அதே அளவில் ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார்.

பாட்டியிடம் ஒரு கேள்வி. இரண்டு பெட்டைகளை 11 முட்டையும் 9 முட்டையுமாக அடை வைத்திருக்கிறேன், இன்று பதினாறாம் நாள். சந்தையில் மூங்கில் பஞ்சாரம் வாங்கினேன். அதன் பின்னல் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு இடைவெளியோடு இருக்கிறது. ஒருநாள் குஞ்சு அதன் வழியே வெளியேறிவிடாதா?

பஞ்சாரத்துப் பாட்டி பதில்:

வெளியேறிவிடும் மகளே. வெளியே போன குஞ்சு தாயைத் தேடிப் பஞ்சாரத்தைச் சுற்றிச் சுற்றிக் கத்தும். அந்தச் சத்தமே காக்கையை அழைத்து வரும். பழைய சாக்கை ஒரு முழ உயரத்துக்குக் கிழித்து, பஞ்சாரத்தின் அடிப்பகுதியைச் சுற்றிக் கோணி ஊசியால் தைத்துவிடு. மேற்பகுதியை மூடாதே, காற்று போக வேண்டும். பதினைந்து நாளில் குஞ்சுகள் அந்த இடைவெளியில் நுழையாத அளவுக்கு வளர்ந்துவிடும், அப்போது சாக்கைப் பிரித்துவிடலாம். பஞ்சாரத்தின் மேல் ஒரு கல்லை வைக்க மறக்காதே. நாய் முட்டினால் கவிழ்ந்துவிடும்.